இரண்டாவது தரை

அவனை எல்லோரும் 'ரிவர்ஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்து, அதில் பாதியைப் பின்பக்கமாக நடந்தே கழித்தவன் என்பதால் டிரைவர் வைத்த பெயர் அது. வீட்டில் மனைவிகூடக் கோபம் வந்தால் அந்தப் பெயரைத்தான் சொல்வாள்.

வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீரோவோ பிரிட்ஜோ மாடியிலிருந்து இறங்கும்போது இரண்டு பேர் பிடிப்பார்கள். கீழ்ப்பக்கம் பிடிப்பவன் சுமைக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்க வேண்டும். எடை முக்கால்வாசி அவன் மேல்தான். கால் எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் யாரோ வீட்டுப் பீரோவின் கதவும், அதில் யாரோ வீட்டுக் குழந்தை ஒட்டிய ஸ்டிக்கரும்தான். மேலே பிடித்திருப்பவர் தலையைச் சாய்த்துப் படியைப் பார்த்துச் சொல்வார். "படி... படி... படி..." என்று சொல்லிக்கொண்டே வந்து, படி முடிந்ததும் "தரை" என்பார். அந்த வார்த்தை வந்தால் கீழே இருப்பவன் காலைத் தைரியமாக ஊன்றலாம். வீட்டுக்காரர்களும் கூடவே வந்து "பாத்து, பாத்து" என்பார்கள். எதைப் பார்ப்பது? அவனுக்குத்தான் ஒன்றும் தெரியாதே. அவர்கள் வாயை மூடிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மேலே பிடிப்பவருக்கு 'ஹாரன்' என்று பெயர். அதுவும் டிரைவர் வைத்ததுதான். அவர் மாடியில் நின்று "படி" என்றால் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அப்படி ஒரு குரல். ரிவர்ஸும் ஹாரனும் இருந்தால் வண்டிக்கு வேறு என்ன வேண்டும் என்று டிரைவர் சொன்னதையே பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கிறவர்களும் ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். இவர்கள் மூவர் போக, பாத்திரம் பண்டங்களைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி ஒட்டுகிற டேப்பக்கா. எல்லோருக்கும் மேலே முதலாளியம்மா. இவ்வளவுதான் கம்பெனி.

நாளெல்லாம் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகள் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஹாரன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுகூட "தரை" என்பார். ஒருமுறை பக்கத்தில் இறங்கிய ஒரு பெரியம்மா, "ஆமாப்பா, தரைதான், வேற என்ன இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் துணி துவைக்கும் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படியும் கூடமும் ஒரே நிறக் கல். ஹாரன் "தரை" என்றார். ரிவர்ஸ் காலை ஊன்றினான். அங்கே தரை இல்லை, இன்னும் ஒரு படி இருந்தது. முழங்கால் ஒரு பக்கம் திரும்ப, மெஷின் இன்னொரு பக்கம் சரிந்து அதன்மேல் உட்கார்ந்தது. ஆபரேஷன், இரண்டு மாதம் வீட்டில் படுக்கை. ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளியம்மா, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார். ஹாரன் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ரிவர்ஸ் கண்ணை மூடிக்கொண்டே, "தண்ணி கிடந்துச்சும்மா. கால் வழுக்கிடுச்சு" என்றான்.

தண்ணீரும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் அன்றைக்குக் குழாயில்கூடத் தண்ணீர் வரவில்லை. ஹாரன் வெளியே போய்விட்டார்.

கால் சரியாகி வேலைக்கு வந்த முதல் நாள், முதல் மாடிப்படி. "தரை" என்றார் ஹாரன். ஒரு மூச்சு விட்டு, மறுபடியும் "தரை" என்றார். அன்றிலிருந்து எப்போதும் இரண்டு தரைதான். "என்ன, ஸ்டீரியோவா?" என்று டிரைவர் கிண்டல் செய்து பார்த்தார். ஹாரன் மாற்றிக்கொள்ளவில்லை. அது மனிதர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தண்டனை என்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டான். வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வராதவர் இப்படிக் கேட்கிறார், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

அவனும் ஒன்றை மறைத்து வைத்திருந்தான். முதல் தரைக்கு அவன் காலை வைப்பதே இல்லை. மனசு வை என்றாலும் கால் அந்தரத்தில் நின்றுவிடும், இரண்டாவது தரை வந்த பிறகுதான் இறங்கும். இது அவன் சொல்லி நடந்ததில்லை, காலாக எடுத்த முடிவு. ஒருநாள் மகளுடைய படிக்கிற மேசையை அவளும் அவனுமாக இறக்கினார்கள். "தரைப்பா" என்றாள் மகள். அவன் அப்படியே நின்றான்.

"அப்பா, தரை வந்துடுச்சு."

"இன்னொரு தடவை சொல்லு."

"எதுக்கு?"

"சும்மா சொல்லும்மா."

மகள் சொன்ன பிறகு காலை வைத்தான். அவள் சமையலறைக்குப் போய், "அப்பாவுக்குக் காது கேக்கலைம்மா" என்று சொல்லிவிட்டாள். மனைவிக்கு விஷயம் தெரியும். தண்ணீர் இல்லாத கதையை அவன் சொல்லியிருந்தது அவளிடம் மட்டும்தான்.

ஒரு மாதத்துக்கு முன்னால் முதலாளியம்மா எல்லோரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். இரண்டு வண்டியையும் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்கிறது, ஆபீஸைக் காலி செய்ய வேண்டும், எனக்கும் உடம்பு முடியவில்லை என்றார். டிரைவர் வண்டியோடு போகிறார். டேப்பக்கா தங்கச்சியின் தையல் கடைக்குப் போகிறார். ஹாரனுக்கு ஐம்பத்தொன்பது ஆகிவிட்டது. வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுகிறார். ரிவர்ஸுக்குப் பெரிய கம்பெனியின் குடோனில் வேலை. அங்கே எல்லாம் தரைமட்டம், தூக்குவதற்கு மெஷின், மாடிப்படி என்பதே கிடையாது.

டேப்பக்கா அங்கேயே அழுதார். டிரைவர் கோபமாக எழுந்து போய், போன வேகத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டதால் திரும்பி வந்தார். ரிவர்ஸ் மட்டும் தலையாட்டினான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு அவனுக்கு மரத்துப்போய்விட்டது. கிள்ளினாலும் தெரியாது, கொசு கடித்தாலும் தெரியாது. அது அப்படியே மேலே ஏறி நெஞ்சுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அழுகிறவர்களைப் பார்த்துப் பொறாமையாகக்கூட இருந்தது என்று வீட்டில் சொன்னான்.

"அழுவுறது இருக்கட்டும்," என்றாள் மனைவி. "அவருகிட்ட அதைச் சொல்லிடுங்க."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. தண்ணி கிடந்துச்சான்னு அந்த மனுஷன் மூணு வருஷமா மண்டையைக் குடைஞ்சிட்டு இருப்பாரு. இப்ப விட்டா அப்புறம் எங்க போய்ப் பிடிப்பீங்க?"

"சொன்னா என்ன ஆகும்? ஆமா, நீங்கதான் என் காலை உடைச்சீங்கன்னு சொல்லி அனுப்பவா? இந்த வயசுல அதையும் தூக்கிட்டுப் போகட்டுமா?"

"இப்ப மட்டும் கையை வீசிட்டா போறாரு?"

எது கனம் என்று அவனுக்குத் தெரியவில்லை. எந்தச் சாமானைப் பார்த்தாலும் இத்தனை கிலோ என்று கண்ணாலேயே சொல்பவன், இதில் மாட்டிக்கொண்டான். சொல்லாமல் போனால் ஹாரன் சந்தேகத்தோடு போவார். சொன்னால் பழியோடு போவார். இரண்டில் ஒன்றை அவர் தலையில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். அதற்கு அவனுக்கு ஒரு மாதம் இருந்தது. அதை அவன் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளியே தீர்த்தான்.

கடைசி நாள் வேலை, அவர்களுடைய ஆபீஸையே காலி செய்வது. ஊர் வீட்டுச் சாமானையெல்லாம் கட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் சொந்த ஆபீஸைக் கட்டுவதில் காட்டிய லட்சணத்தைப் பார்த்திருக்க வேண்டும். டிரைவர் ரசீதுப் புத்தகங்களையும் விளக்குமாற்றையும் ஒரே பெட்டியில் போட்டார். டேப்பக்கா கத்தரிக்கோலைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிட்டு, அதைத் திறக்கக் கத்தரிக்கோல் தேடினார். முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பாத்து, பாத்து" என்றார். "நீங்களுமா அம்மா!" என்று டிரைவர் கத்தியதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்போது டேப்பக்கா அழுதுகொண்டிருந்தார்.

ரிவர்ஸ் டீ கிளாஸ்களைச் சுற்றினான். ஐந்து கிளாஸ். ஹாரனுடையதில் விளிம்பு உடைந்திருக்கும்; உடையாத பக்கமாகத் திருப்பிக் குடிப்பது அவர் வழக்கம். வேறு கிளாஸ் வாங்கிக் கொடுத்தும் மாற்றவில்லை. அதைப் பேப்பரில் சுற்றி, நூலால் கட்டி, மேலே 'உடையும்' என்று எழுதினான். எழுதிய பிறகு எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தான், ஒன்றும் வரவில்லை. அடுத்த கிளாஸை எடுத்தான்.

மத்தியானம் எல்லோரும் வண்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர்தான் எடுத்தார். நான்கு படத்திலும் அவருடைய விரல் விழுந்திருந்தது. முதலாளியம்மா ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பேசினார். ரிவர்ஸ் முறை வந்தபோது, "நீ ஒரு தடவைகூட எதையும் கீழ போட்டதில்லப்பா" என்றார். "ஒரு தடவை போட்டேனேம்மா" என்றான் அவன். "அது தண்ணில வழுக்கினது. அதை யாரு கணக்குல வைப்பா?" என்றார் அவர். பக்கத்தில் நின்ற ஹாரன் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டினார். துண்டில் தூசி எதுவும் இல்லை.

ஹாரனுக்கு அன்று சாயங்காலமே பஸ். பையை ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார். கடைசியாக முதலாளியம்மாவின் இரும்புப் பீரோ ஒன்றுதான் பாக்கி. இரண்டாவது மாடியிலிருந்து இறக்கி வண்டியில் ஏற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"நானும் ஒரு கை பிடிக்கவா?" என்றார் டிரைவர்.

"நீ வண்டிக் கதவைத் திற. அது போதும்" என்றார் ஹாரன்.

ரிவர்ஸ் கீழ்ப்பக்கம் போய் நின்றான். கயிற்றை இழுத்துப் பார்த்தான், பிடித்தான். "ம்" என்றார் ஹாரன், "ம்" என்றான் இவன். பீரோ எழுந்தது. இருபத்தோரு வருடம் ஏறி இறங்கிய படிதானே, எத்தனை என்று தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. முன்பக்கமாகப் போகும்போது எவன் படியை எண்ணுகிறான்?

"படி... படி... படி... திருப்பம்." அந்தக் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. எதிர்வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முதல் மாடி வந்தது. "தரை. தரை." மறுபடியும் படி. கடைசித் திருப்பத்தில் வந்ததும், "வை" என்றார் ஹாரன்.

வைத்தார்கள். நின்ற பீரோவுக்கு ஒரு பக்கம் இவன், மறுபக்கம் அவர். இவனுக்குத் தெரிந்ததெல்லாம் பீரோவின் இரண்டு ஓரத்திலும் பிடித்திருந்த அவருடைய எட்டு விரல்கள்தான். மூச்சு வாங்குவது கேட்டது.

"டேய்."

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்குத் தண்ணி கிடந்துச்சா?"

ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டது தானாகவே வந்து திருப்பத்தில் நின்றுகொண்டது. ரிவர்ஸ் பீரோவின் கைப்பிடியைப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிடலாம். இருபது நிமிடத்தில் மனிதர் பஸ் ஏறிவிடுவார், அதற்குப் பிறகு யார் கேட்கப் போகிறார்கள்? ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"இல்லண்ணே. தண்ணி இல்ல."

"நான்தானே?"

"ஆமா. ஒரு படி முன்னாடியே சொல்லிட்டீங்க."

விரல்கள் அசையவில்லை. கீழே டிரைவர் வண்டிக் கதவைத் திறந்து கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

"அப்புறம் ஏன்டா அந்தம்மாகிட்ட அப்படிச் சொன்ன?"

"உண்மையைச் சொன்னா உங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டிருப்பாங்க. வேற எவன் சொல்லி நான் இறங்குறது?"

"ஓ" என்றார் ஹாரன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தெரியும்டா. சொல்லிடுவியான்னுதான் கேட்டேன்" என்றார்.

"தெரியுமா? அதுக்குத்தானே அண்ணே ரெண்டு தடவை சொன்னீங்க. எனக்கும் தெரியும்."

"எதுக்கு?"

"மன்னிப்பு மாதிரி."

"மண்ணாங்கட்டி," என்றார் ஹாரன். "நீ திரும்பி வந்த அன்னிக்கு நான் ஒரு தடவைதான் சொன்னேன். உன் கால் இறங்கல. பீரோ வழியா தெரியாதா எனக்கு? நீ காலை வச்சா எடை மாறும். மாறல. நீ அந்தரத்துல நிக்கிற. சரி, இவன் என்னை நம்பலன்னு இன்னொரு தடவை சொன்னேன். வச்ச. மறுநாளும் அப்படித்தான். தெனமும் முதல் தடவை சொல்லிட்டு, இன்னிக்காவது வைப்பானான்னு ஒரு மூச்சு பாப்பேன். நீ வச்சதே இல்ல."

மூன்று வருடம். ஒரு நாளைக்குக் குறைந்தது பத்துத் தடவை. ரிவர்ஸ் தன் காலுக்குள் ஒளித்துவைத்திருந்ததாக நினைத்ததை அவர் ஒவ்வொரு தடவையும் கையில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். வாங்கிக்கொண்டு, முகம் கோணாமல், இன்னொரு தரை சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டியது யார் என்றே இப்போது அவனுக்குப் புரியவில்லை.

"அண்ணே, நான் வேணும்னு..."

"தெரியும்டா. உடைஞ்சது உன் கால். அதுக்குப் பயம் இருக்காதா? விடு." தொண்டையைக் கனைத்தார். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. தூக்கு."

"ம்" என்றார். "ம்" என்றான். பீரோ எழுந்தது.

"படி." வலது கால். "படி." இடது கால். கைப்பிடியின் பளபளப்பில் தன் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிவதை அவன் பார்த்துக்கொண்டே இறங்கினான். குரல் பழையபடி பெரிதாகியிருந்தது, கீழே டிரைவர், "அதான பாத்தேன்!" என்றார். "படி... படி... படி..."

"தரை."

அவன் கால் அந்தரத்தில் நின்றது.

ஒரு மூச்சு போயிற்று. இரண்டாவது வரவில்லை. இன்னொரு மூச்சும் போயிற்று. எடை முழுவதும் இடது முழங்காலில் இறங்க, மரத்துப்போன இடத்துக்கு மேலே தொடை நடுங்கத் தொடங்கியது. "ஏன் நின்னுட்டீங்க?" என்றார் டிரைவர். பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. மனிதர் சொல்லப் போவதில்லை, இறக்கி வைக்கச் சொல்லப் போவதும் இல்லை. பஸ் போனாலும் போகட்டும் என்று நிற்கிறார் என்பது ரிவர்ஸுக்குப் புரிந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தான்.

தரைதான். மேலே பிடித்திருந்தவருக்கு அது பீரோ வழியாகத் தெரிந்திருக்கும்.